ஹோம் சாப்பாடும் அம்மாச்சி வீடும்

எங்கள் வங்கிக் கிளையில் 2008-லிருந்து ஒரு வழக்கம் இருந்தது. பிறந்தநாள், கல்யாண நாள், பிள்ளைக்குப் பிளஸ் டூவில் நல்ல மார்க் என்று எது வந்தாலும், ஊருக்கு வெளியே இருந்த ஒரு குழந்தைகள் ஹோமில் ஒரு வேளைச் சாப்பாடு போடுவோம். அங்கே வரவேற்பறையில் விலைப்பட்டியலைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். காலை இட்லி, பொங்கலுக்கு ஒரு தொகை, வடை பாயசத்தோடு மதியச் சாப்பாட்டுக்கு ஒரு தொகை, பிரியாணிக்குத் தனி. முகூர்த்த நாளில் மண்டபம் கிடைக்காததுபோல அங்கேயும் சில தேதிகள் கிடைக்காது. இந்த வரவு செலவை எழுதி வந்தவன் நான்தான். கிளார்க்காக இருந்தவனுக்குக் கணக்கு எழுதாவிட்டால் கை அரிக்கும்.

நாங்கள் போகும்போது பிள்ளைகள் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். பெரிய பையன் ஒருவன் "ஒன், டூ, த்ரீ" சொன்னதும் எல்லோரும் வாழ்த்துப் பாடுவார்கள். பிறந்தநாள்காரர் பெயரைச் சொல்லிப் பிரார்த்தனை செய்வார்கள். நாங்கள் கரண்டி பிடித்து ஆளுக்கொரு வடை வைப்போம், போட்டோ எடுப்போம், கொஞ்சம் கண் கலங்குவோம், மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து தூங்குவோம். பதினோரு வருஷம் இப்படியே போனது.

2019 ஜூலையில் என் மகள் பிறந்தநாள். ரசவாளியோடு நான் வரிசையில் போய்க்கொண்டிருந்தபோது எட்டு வயதுப் பையன் ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அங்கிள், எங்க அக்கா இருக்குற ஹோமுக்கும் நீங்க சாப்பாடு போடுவீங்களா?"

"அக்கா வேற ஹோம்லயா இருக்கா?"

"ஆமா, அது பொம்பளப் பிள்ளைங்க ஹோமு. போனீங்கன்னா நான் நல்லாருக்கேன்னு சொல்லுங்க. அம்மாச்சி வந்தா என்னைய மொதல்ல பாக்கச் சொல்லுங்க."

அம்மாச்சியா? நாங்கள் அத்தனை வருஷமும் "அனாதைப் பிள்ளைகள்" என்று சொல்லித்தான் வசூல் செய்திருந்தோம். கை கழுவும் இடத்தில் வார்டனிடம் மெல்லக் கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை. "அம்மா அப்பா ரெண்டு பேரும் இல்லாத பிள்ளைங்கள விரல் விட்டு எண்ணிரலாம் சார். மத்ததுக்கெல்லாம் அம்மாவோ பாட்டியோ யாராவது இருக்காங்க. கஷ்டம், கொண்டாந்து விட்டுட்டாங்க" என்றார். இது அந்த ஒரு ஹோமின் கதை மட்டும் இல்லை. உலகம் முழுக்க இப்படிப்பட்ட இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள் என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குப் பழைய செய்தி. எனக்குத்தான் அன்றைக்குப் புதிது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊரையும் பிள்ளைகளையும் அடையாளம் காட்ட மாட்டேன். 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு இப்படிப்பட்ட குழந்தைகளின் பெயர், முகவரி, பள்ளிக்கூடம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இல்லை 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், சமயத்தில் இரண்டும். இது தெரியாமல் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எத்தனை முகங்களைப் பகிர்ந்திருக்கிறோம் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது. எல்லாவற்றையும் உட்கார்ந்து அழித்தேன். அதனால் இந்தக் கதையில் அவர்கள் அக்கா, தம்பி, அம்மாச்சி மட்டும்தான்.

அடுத்த மாதமே அம்மாச்சியைத் தேடிப் போனேன். காய்கறி மண்டிகளுக்குப் பெயர்போன ஊரை ஒட்டிய கிராமம். தகரக்கூரை போட்ட ஒற்றை அறை வீடு. அம்மாச்சிக்கு அறுபது தாண்டியிருக்கும். மண்டியில் தக்காளி தரம் பிரிக்கும் வேலை. விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினால் பத்து மணிக்குத் திரும்புவார். வேலை இல்லாத நாளில் நூறு நாள் வேலை. மகள் காய்ச்சலில் இறந்துபோனாள். மருமகன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவர் அங்கேயே இன்னொரு குடும்பம் ஆகிவிட்டார். 2017-ல் இரண்டு பிள்ளைகளையும் ஹோமில் விட்டிருக்கிறார்.

"பாசம் இல்லாமலா விட்டேன்?" என்று நான் கேட்காத கேள்விக்கு அவரே பதில் சொன்னார். "மூணு மணிக்கு நான் போயிட்டா இதுக ரெண்டும் தனியாக் கெடக்கும். பொம்பளப் பிள்ள வளருது. கதவுக்குக் கொண்டி இல்ல, காட்டுப் பக்கந்தான் ஒதுங்கணும். ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா எம்மகளுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

நான் பழக்கதோஷத்தில் பையிலிருந்த பழைய செலான் ஒன்றின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். கதவுக்குக் கொண்டி, கூரைக்குப் புதுத் தகரம். கழிப்பறைக்கு அரசு மானியம் 12,000 ரூபாய் உண்டு, மேற்கொண்டு கொஞ்சம் போட வேண்டும். விடிகாலையில் மூன்று மணி நேரம் பிள்ளைகளோடு இருக்கப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மாதம் ஆயிரம். ரேஷன் அரிசி இலவசம். அரசுப் பள்ளியில் புத்தகம், சீருடை, மதியச் சாப்பாடு எல்லாம் இருக்கிறது, பஸ்ஸுக்கும் இலவசம். அப்புறம் எண்ணெய், பருப்பு, காய்ச்சல் தலைவலிச் செலவு. முதல் வருஷத்துக்கு எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரம்கூட வரவில்லை. எங்கள் குழு முந்தின வருஷம் ஹோம் சாப்பாட்டுக்குச் செலவழித்தது 1 லட்சத்து 40 ஆயிரம்.

அந்தச் செலானை இன்னும் வைத்திருக்கிறேன்.

சரி, கணக்கு வந்துவிட்டது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அது அப்படி இல்லை. ஹோமில் இருக்கும் பிள்ளை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவின்பேரில் இருக்கிறது. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவுக்கு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் உண்டு. பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது என்றாலும் அவர்கள்தான் சொல்ல வேண்டும். முதலில் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். யார் யார் இருக்கிறார்கள், வருமானம் என்ன, பிள்ளை எங்கே தூங்கும், அக்கம்பக்கம் எப்படி என்று ஒரு அறிக்கை தயாராகும். அம்மாச்சி அந்தக் குழுவைக் கோர்ட் என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தார். 2017-ல் அங்கே அழுதுகொண்டே கைநாட்டு வைத்த நாளிலிருந்து, தனக்கு இனிப் பிள்ளைகள்மேல் உரிமையே இல்லை என்று நம்பியிருந்தார். இரண்டு வருஷம்! "ஏம்மா, யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே?" என்றேன். "யார்கிட்டன்னு தெரிஞ்சாத்தானே கேக்குறது" என்றார்.

மாவட்டத்தில் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஒரு அலுவலகம் இருக்கிறது, அதில் 'நிறுவனம் சாராத' பராமரிப்புக்கென்றே, அதாவது பிள்ளையை இல்லத்தில் சேர்க்காமல் வீட்டில் வைத்து வளர்ப்பதற்கென்றே, ஒரு பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார் என்பதெல்லாம் முப்பது வருஷம் வங்கியில் குப்பை கொட்டிய எனக்கே அப்போதுதான் தெரியும். அவர் ஒரு இளம்பெண். என்னை உட்காரவைத்துச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளைக் காட்டினார். குழந்தையை வளர்க்கும் பொறுப்பு முதலில் குடும்பத்துக்கு. இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது கடைசியாகச் செய்வது. "சட்டம் கடைசின்னு சொல்றத நாம மொதல் வேலையாச் செய்றோம் சார்" என்று சொல்லிச் சிரித்தார். ஐ.நா. பொதுச்சபை 2009-லேயே இதைத்தான் வழிகாட்டுதலாக ஏற்றது என்றும் சொன்னார்.

அம்மாச்சியை அழைத்துப் போய் மனு கொடுத்தோம். மார்ச் மாதம் விசாரணைக்குத் தேதி சொன்னார்கள். 2020 மார்ச். அதற்குமேல் நான் சொல்லத் தேவையில்லை.

ஊரடங்கு வந்ததும் ஹோம்கள் வீடு இருக்கிற பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கின. நாங்கள் ஏழு மாதம் அலைந்து வாங்க நினைத்ததை ஒரு கிருமி மூன்று நாளில் செய்துவிட்டது. அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு துணிப்பையோடு வந்து இறங்கினார்கள். வீட்டில் கொண்டியும் இல்லை, கழிப்பறையும் இல்லை. மண்டியும் மூடிக் கிடந்தது. நாங்கள் அரிசி பருப்பு கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த வருஷம் எங்கள் குழுவில் யாருக்கும் பிறந்தநாள் சாப்பாடு கிடையாது என்பதால் பணம் இருந்தது. இரண்டு மாதத்தில் கதவும் கழிப்பறையும் முடிந்தன.

அதே வருஷம் செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தமிழ்நாடு உட்பட எட்டு மாநிலங்களுக்கு, இல்லங்களிலுள்ள பிள்ளைகளை நூறு நாளுக்குள் குடும்பங்களில் சேர்க்க வேண்டும் என்று எழுதியது. எனக்கு அதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. கொண்டி இல்லாத கதவுக்குள் பிள்ளையைத் தள்ளிவிட்டுக் கணக்கை முடிப்பது குடும்பத்தில் சேர்ப்பது ஆகுமா? நல்லவேளை, டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அப்படி வீடு திரும்பிய பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவுக்காக மாதம் 2,000 ரூபாய் மாநில அரசுகள் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தச் செய்தித்தாள் நறுக்கைத்தான் நான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

பிள்ளைகள் வந்த பிறகு நடந்தவைதான் எனக்குப் பெரிய பாடம். தம்பிக்குக் கடையில் போய்ப் பத்து ரூபாய் கொடுத்து மீதி வாங்கத் தெரியாது. ஒன்பது வயதுவரை அவன் கையில் காசு இருந்ததே இல்லை. தண்ணீர் குடிக்கவே அனுமதி கேட்டான். விடிகாலை ஐந்து மணிக்கு மணி அடித்ததுபோல எழுந்து பாயைச் சுருட்டி வைத்துவிட்டுச் சுவரோரம் நிற்பான். தட்டில் எதைப் போட்டாலும் இரண்டே நிமிஷத்தில் காலி; 'வேண்டாம்', 'பிடிக்கலை' என்ற பேச்சே இல்லை. பிஸ்கட் கொடுத்தால் பாதியைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைப்பான், எறும்பு மொய்த்தபோதுதான் தெரிந்தது. பொங்கலுக்குப் பக்கத்து வீட்டில் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டிருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்தவன் எழுந்து நின்று, கைகூப்பிக் கண்ணை மூடி, அந்த வீட்டு அக்கா பெயரைச் சொல்லி வாழ்த்துப் பாட்டுப் பாடியிருக்கிறான். அந்த அக்கா இதைச் சொல்லும்போது அழுதுவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பாட்டை அவனுக்குப் பழக்கியவர்களில் நானும் ஒருவன்.

அக்காவுக்கு வேறு மாதிரி. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அடுப்பு பற்றவைக்கத் தெரியவில்லை, அதைப் பற்றிக்கூட யாரும் கவலைப்படவில்லை. ஆனால் தம்பியிடம் அவளுக்குப் பேச்சே வரவில்லை. மூன்று வருஷத்தில் லீவு நாட்களில் மட்டும் பார்த்துக்கொண்டவர்கள். தாயத்தில் சண்டை போட்டுத்தான் முதன்முதலாக அக்கா தம்பி ஆனார்கள் என்று அம்மாச்சி சொல்வார்.

இதையெல்லாம் பாதுகாப்பு அலகு அலுவலகத்தில் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்லும் ஆற்றுப்படுத்துநரிடம் சொன்னபோது அவர் ருமேனியா கதையைச் சொன்னார். 1966-ல் அந்த நாட்டை ஆண்ட சௌசெஸ்கு கருக்கலைப்பைத் தடை செய்தார். வளர்க்க முடியாத குடும்பங்களில் பிள்ளைகள் பெருகின, அரசு இல்லங்கள் நிரம்பி வழிந்தன. அவர் ஆட்சி கவிழ்ந்த பிறகு, 2000-க்குப் பின், தலைநகர் புக்கரெஸ்டின் இல்லங்களில் இருந்த 136 கைக்குழந்தைகளைச் சீட்டுப் போடுவதுபோல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டு, அமெரிக்க ஆய்வாளர்கள் வருஷக்கணக்காகக் கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகளுக்கு அறிவு வளர்ச்சியும் மனிதர்களோடு ஒட்டும் குணமும் நன்றாகத் தேறின. அதிலும் இரண்டு வயதுக்குமுன் போனவர்கள் அதிகம் தேறினார்கள். சோறும் துணியும் இரண்டு பக்கமும் இருந்தன. ஒரே ஆள் தூக்கிக் கொஞ்சுவது ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. நம் பையன் ஆறு வயதில்தான் ஹோமுக்குப் போனான், அதுவரை அம்மா மடியில் இருந்தவன், அதனால் சீக்கிரம் சரியாகிவிடுவான் என்று அவர் தைரியம் சொன்னார். ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது.

2021 தொடக்கத்தில் ஹோமிலிருந்து போன் வந்தது, பிள்ளைகளை எப்போது அனுப்புகிறீர்கள் என்று. நலக் குழு முன்னால் அம்மாச்சி போய் நின்றார். அக்காவையும் தம்பியையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். இருவரும் வீட்டில் இருக்கலாம் என்று உத்தரவு வந்தது.

இதைப் படிப்பவர்களில் யாராவது இப்படி ஒரு குடும்பத்துக்குத் துணை நிற்க நினைத்தால், அன்பைவிட முதலில் தேவைப்படுவது ஒரு கோப்பும் ஜெராக்ஸ் எடுக்கும் பொறுமையும். எங்களுக்கு விழுந்த முதல் முடிச்சு ஆதார். தம்பியின் ஆதாரில் ஹோம் முகவரி இருந்தது. அக்காவின் பெயர் திருப்பூரில் அப்பாவின் ரேஷன் கார்டில் இருந்தது. அங்கே நீக்கினால்தான் இங்கே சேர்க்க முடியும், நீக்க வேண்டிய ஆள் போனையே எடுக்கவில்லை. நலக் குழுவின் உத்தரவு நகலை வைத்துத்தான் அதைத் தாண்டினோம். அதனால் அந்த உத்தரவை வாங்கிய அன்றே பத்து நகல் எடுத்து வையுங்கள். இறப்புச் சான்று, வருமானச் சான்று, பள்ளிச் சான்று, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு, இவ்வளவும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

வங்கிக் கணக்கு என்றதும் என் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் நாங்கள் மாதாமாதம் பணத்தை அம்மாச்சி கையில் கொடுத்தோம். நான்காவது மாதம் ஒரு தூரத்து உறவு அதைக் கைமாத்தாக வாங்கிக்கொண்டு போய்விட்டது. கேட்டால் "இல்லைன்னு எப்படித் தம்பி சொல்றது, சொந்தமாச்சே" என்கிறார். அதன்பிறகு பிள்ளையும் பாதுகாவலரும் சேர்ந்த கூட்டுக் கணக்கு ஒன்று தொடங்கினோம். அரசின் நிதி ஆதரவுத் தொகையும் அப்படிப்பட்ட கணக்கில்தான் வருகிறது. "பேங்க்ல கெடக்கு, அந்த சார் பாஸ்புக்க வச்சிருக்காரு" என்று பொய் சொல்லித் தப்பிக்க அம்மாச்சிக்கும் ஒரு வழி கிடைத்தது. பாஸ்புக் அவரிடமேதான் இருந்தது. அந்தப் பொய்க்கு என் பெயரைப் பயன்படுத்த மனமார அனுமதி கொடுத்திருந்தேன்.

நிதி ஆதரவு என்பது ஸ்பான்சர்ஷிப்புக்கு அரசு வைத்த பெயர். முன்பு மாதம் 2,000 ரூபாய், 2022-ல் ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் வழிகாட்டுதல் வந்தபின் 4,000. குடும்ப வருமானம் வருஷத்துக்குக் கிராமத்தில் 72,000-க்குள், மற்ற இடங்களில் 96,000-க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பத்தை மாவட்டப் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். பணம் ஒன்றாம் தேதி சம்பளம்போல வரும் என்று எண்ணி அதை நம்பித் தவணையில் எதையும் வாங்காதீர்கள். இடைவெளி விழும், அந்த இடைவெளியை நிரப்பத்தான் நம்மைப் போன்றவர்கள் வேண்டும். அரசுப் பணம் கிடைக்காத பிள்ளைக்குத் தனியார் நேரடியாக ஆதரவு தரவும் அதே அலுவலகத்தில் வழி இருக்கிறது. 2025 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டத்தில், பெற்றோர் இருவரையும் இழந்து, அல்லது ஒருவர் இறந்து மற்றவர் கைவிட்டு, உறவினர் பராமரிப்பில் வளரும் பிள்ளைகளுக்கு 18 வயதுவரை மாதம் 2,000 கிடைக்கிறது. காலை உணவுத் திட்டத்தையும் நான் இதே கணக்கில்தான் சேர்ப்பேன். "காலைல பள்ளிக்கூடத்துலயே சோறு, மாசம் நாலாயிரம், இதெல்லாம் அன்னைக்கே இருந்திருந்தா நான் எதுக்கு ஹோமுக்குப் போறேன்?" என்று அம்மாச்சி ஒருநாள் கேட்டார். நல்ல கேள்வி.

எங்கள் குழுவிலேயே இதற்கு எதிர்ப்பு இருந்தது. ஒரு நண்பர் வெளிப்படையாகவே சொன்னார்: "அங்க போனா நாப்பது பிள்ளைங்க ஒரே நேரத்துல சாப்பிடறதக் கண்ணால பாக்குறோம், ஒரு திருப்தி. நீ சொல்ற மாதிரி பாட்டி அக்கவுண்ட்ல போட்டா எனக்கு என்ன தெரியும்? எஸ்எம்எஸ்தான் வரும்." அவர் சொன்னதில் பொய் இல்லை. நாங்கள் வாங்கிக்கொண்டிருந்தது அந்தத் திருப்தியைத்தான். வருமான வரி ரசீதுக்காக ஒருவர், பாட்டு கேட்பதற்காக ஒருவர் என்று இரண்டு பேர் விலகிப் பழையபடி ஹோமுக்கே போகிறார்கள். அவர்களிடம் நான் சண்டை போடவில்லை. அந்த ஹோம் இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-வது பிரிவின்படி பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். பதிவில்லாமல் நடத்துவது குற்றம். இதை நான் சும்மா சொல்லவில்லை. நாட்டிலுள்ள இல்லங்களை எல்லாம் கணக்கெடுத்துப் பதிவு செய்யச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2017-ல் கொடுத்த தீர்ப்பு, தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்பட்டது பற்றி 2007-ல் தொடங்கிய வழக்கில்தான் வந்தது. வழக்கின் பெயரிலேயே நம் மாநிலம் இருக்கிறது.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று மட்டும் எழுதினால் அது ஏமாற்று.

2022-ல் இன்னொரு பெண் பிள்ளை. முதல் குடும்பம் தேறிய தெம்பில் எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கேறியிருந்தது. அம்மா இருக்கிறார், மறுமணம் செய்துகொண்டார், பிள்ளையை வைத்துக்கொள்ளச் சம்மதம் என்கிறார், அப்புறம் என்ன? அவசரப்படுத்தினோம். அந்தப் பிள்ளையிடம் "வீட்டுக்குப் போறியாம்மா?" என்று நான் கேட்டது அவள் அம்மாவையும் மாற்றாந்தந்தையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அவள் தலையை ஆட்டினாள். நாலு மாதம் கழித்துப் பள்ளி ஆசிரியை அவள் முதுகில் காயத்தைப் பார்த்துக் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்தார். அந்தத் தலையாட்டலை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டதற்கு யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பிள்ளையைத் தனியாகக் கேட்க வேண்டும், ஒருமுறைக்கு நான்குமுறை கேட்க வேண்டும், வீட்டுக்குப் போன பிறகும் முதல் ஆறு மாதம் யாராவது சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்க வேண்டும். இதை அந்த இளம்பெண் அலுவலர் எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தார், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சில வீடுகளுக்குப் பிள்ளையை அனுப்பவே கூடாது. அப்படிப்பட்ட பிள்ளைக்கும் ஹோம் ஒன்றே வழி இல்லை. அந்தப் பெண் பிள்ளை சில மாதம் இல்லத்தில் இருந்துவிட்டு, இப்போது குழந்தை இல்லாத ஒரு தம்பதி வீட்டில் வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கிறாள்.

வளர்ப்புப் பராமரிப்பு என்றால் தத்து என்று நம் ஊரில் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். தத்தெடுத்தால் பிள்ளை சட்டப்படி நம் வாரிசு. இதில் நலக் குழுவின் உத்தரவுப்படி ஒரு காலத்துக்கு நம் வீட்டில் வளர்க்கிறோம், அவ்வப்போது வந்து பார்ப்பார்கள், செலவுக்கு மாதம் 4,000 கொடுப்பார்கள், பெற்ற குடும்பம் சரியானால் பிள்ளை அங்கே திரும்பலாம். 2024-ல் வந்த புது வழிகாட்டுதலில் 35 வயதிலிருந்து 60 வயதுவரை உள்ள தனி ஆட்களும் வளர்க்கலாம் என்று ஆக்கியிருக்கிறார்கள். தனி ஆண் என்றால் ஆண் பிள்ளையை மட்டும். தத்தெடுக்கச் சட்டப்படி தடையில்லாத பிள்ளையை இரண்டு வருஷம் வளர்த்த குடும்பமே தத்தெடுக்கவும் கேட்கலாம். சித்தி, பெரியம்மா, தாய்மாமன் என்று சொந்தத்தில் பிள்ளை வளர்ப்பது நமக்குப் புதிதா என்ன? சொந்தம் இல்லாத பிள்ளை என்றால் மட்டும் நமக்குக் கை நீள மாட்டேன் என்கிறது. எனக்கே நீளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நானும் மனைவியும் பேசிப் பார்த்தோம், வயதைக் காரணம் காட்டி ஒதுங்கிக்கொண்டோம். வயது உண்மையான காரணமா என்று தெரியாது.

அம்மாச்சிக்கும் வயதாகிறது. 2023-ல் சர்க்கரை அதிகமாகி ஒருவாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான், பாட்டிக்குப் பிறகு யார் என்ற கேள்வியை நாங்கள் யோசிக்கவே இல்லை என்பது உறைத்தது. பழனியில் இருக்கும் சித்தியை வரவழைத்து எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். பேச்சு சுலபமாக இல்லை. சித்தி வீட்டுக்காரர், பழைய நகை ஒன்று, பத்து வருஷத்துக் கோபம் என்று என்னவெல்லாமோ வந்தது. கடைசியில் அக்காதான் முடித்துவைத்தாள். "லீவுல நான் அங்க வந்து இருந்து பழகிக்கிறேன் சித்தி. தம்பிக்கு மட்டும் ஒரு எடம் வச்சிருங்க" என்றாள். இப்போது கோடை விடுமுறை முழுக்கப் பழனிதான். பாட்டி, தாத்தா வளர்க்கும் பிள்ளைகளுக்கு உதவுபவர்கள் இந்தப் பேச்சை ஆஸ்பத்திரி வரைக்கும் தள்ளிப் போடாமல் முதல் வருஷத்திலேயே பேசிவிடுவது நல்லது.

இந்த ஆறு வருஷத்தில் எங்கள் பணம் ஒன்பது குடும்பங்களுக்குப் போயிருக்கிறது. ஒருவருக்குத் தையல் மெஷின், ஒருவருக்குச் சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்குச் சம்பளம், குடிக்கும் அப்பா ஒருவரைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போன ஆட்டோ செலவு (ஐந்துமுறை, நான்குமுறை பாதியில் திரும்பினார்). ஹோமில் ஒரு வேளைக்கு ஒரே ரசீது. இங்கே எல்லாம் துண்டு துண்டுச் செலவு, பில் இல்லாத செலவு. ஆண்டுக் கணக்கு எழுதும்போது எனக்குத் தலை வலிக்கிறது.

போன வாரம் அம்மாச்சி போன் செய்தார். குரலில் அப்படி ஒரு ஆத்திரம். அக்கா பிளஸ் டூ, கணக்குப் பரீட்சைக்கு விழுந்து விழுந்து படிக்கிறாள், அவளைப் பற்றிப் புகார் இல்லை. பையன்தான். ஒன்பதாவது படிக்கிறவன், மீசை எட்டிப் பார்க்கிறது.

"உப்புமான்னா தட்டத் தள்ளி விட்டுட்டுப் போறான் தம்பி. நேத்துக் கத்திரிக்கா வேணாமாம். இன்னைக்கு ரசம் நல்லால்லையாம். எவ்வளவு திமிரு பாருங்க. நீங்க வந்து நாலு வார்த்தை நறுக்குன்னு கேளுங்க."

வருகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை போனபோது அவன் வாசலில் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தான். திட்ட வந்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று கேட்டேன். நிமிராமலே, "புரோட்டா" என்றான்.